நாற்பத்தோராவது தோள்

கரண்டி இன்றும் தேநீரைக் குடிக்கவில்லை. ஒரு படைக்கே சமைத்துப் போட்டு அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர். ருசியில் குறை இருந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார். ஆனால் முப்பது வருடமாக சார்ஜண்டின் இந்த வீட்டில் கோப்பையைக் கையில் வைத்தபடி பேசிவிட்டு, ஆறியதும் அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததும் இல்லை.

பழைய படைத்தோழர் நெட்டையைப் புதைத்துவிட்டு இருவரும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஜன்னலில் மாலை வெயில். செருப்புகளில் இடுகாட்டு மண். படைப்பிரிவில் இனி மிச்சம் இவர்கள் இருவர்தான். போர் முடிந்ததுமே அதைக் கலைத்துவிட்டார்கள். அதன் வரலாறு என்று அச்சானது ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரி சார்ஜண்டுடையது: கடைசி அணியின் நாற்பத்தொரு பேரும் பாலத்தைக் கடந்தனர்.

எண்ணியவர் அவர்தான். முகம் தெரியாத மூடுபனியில், கடந்து வந்த ஒவ்வொரு தோளையும் தொட்டு நாற்பது. கடைசியாகத் தன் தோளைத் தொட்டு நாற்பத்தொன்று. வெடிக்கச் சொல்லிக் கையசைத்தார். பாலம் தகர்ந்தது. புகை அடங்கியபோது அக்கரையிலிருந்து ஒரு குரல், இன்னும் ஒருத்தன் இருக்கேன் என்று கதறியது.

அப்படியானால் கடந்தவர்களில் ஒருவன் வேறு யாரோ. மழையே இல்லாத அந்தக் காலையில் ஒரு தோள் மட்டும் ஆற்றுக்குள்ளிருந்து எழுந்து வந்ததுபோல நனைந்திருந்தது. எத்தனையாவது தோள் என்பதுதான் அவருக்கு நினைவில்லை. அதனால்தான் ஒரு சாவையும் விடாமல் போனார். அழுகிறவர்போலக் குனிந்து, கிடத்தியிருந்தவரின் தோளைத் தொட்டுப் பார்த்தார். முப்பத்தொன்பது தோள்கள். நெட்டையுடையதும் காய்ந்துதான் இருந்தது.

பாக்கி ஒன்று.

சார்ஜண்ட் மெல்ல எழுந்து கையை நீட்டினார். கரண்டி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"தொடாதீங்கண்ணே."

"ஏன்டா, பயமா?"

"முப்பது வருஷமா. உங்களை யார் பாத்துக்கறதுன்னு அன்னைக்கே சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் நேரம், என் பேரு வந்துச்சு."

"என்னை எதுக்குடா பாக்கணும்?"

"அக்கரையில கத்துனது யார் குரல்னு எங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியல."

கரண்டியின் கண்கள் சார்ஜண்டின் தோளைவிட்டு அகலவில்லை.

சொட்டு. தரையில் இன்னொரு சொட்டு. ஆற்றுச் சேற்றின் வாடை. சார்ஜண்டின் சட்டையிலிருந்து.

வெளியே, ஈர பூட்ஸ் படியேறியது. ஒரு படி. இன்னொரு படி. கதவருகே நின்றது.

பிறகு, சார்ஜண்டின் குரலிலேயே, அது நிதானமாகச் சொன்னது.

"நாப்பத்தொண்ணு."