பன்னிரண்டாவது பல்

முனியாண்டி மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும்.

ஐயாவு தகரக் கூரைமேல் எறிந்தது பதினொரு பல். உருண்ட சத்தம் பன்னிரண்டு.

பற்கள் அவனுடையவைதாம். தொண்டையில் புற்று. திங்கட்கிழமை ஈப்போ ஆஸ்பத்திரியில் கதிர்சிகிச்சை தொடங்குகிறது. அதற்கு முன் பழுதான பற்களைப் பிடுங்கி, ஈறு ஆற இரண்டு வாரம் விட்டிருந்தார்கள். கூரையில் எறிந்தால் மறுபடி முளைக்குமே என்று, சின்னப் பிள்ளைபோல் அவற்றைப் புட்டியில் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"அறுபத்தெட்டு வயசுல பால்பல்லா முளைக்கப் போவுது?" என்று மனைவி கலாதேவி சிரித்தாள்.

அவள் சிரித்து முடிக்கும்வரை அவள் பற்களை எண்ணினான்.

வியாழன் மாலை ஆஸ்பத்திரிப் பையில் கைலி, துண்டு, சிகிச்சைத் தேதி எழுதிய நீலக் கார்டு எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மழை விட்ட தகரத்திலிருந்து புளித்த ரப்பர்ப்பால் வாடை இறங்க, சமையலறைக்கு மேலே ஏதோ கடகடவென்று உருண்டு, நின்று, யோசித்து, மறுபடி உருண்டு, அவன் கட்டிலுக்கு நேர்மேலே வந்து ஓய்ந்தது.

"கேட்டியா?"

"பூனை லா."

பூனைக்கு நான்கு கால். அவன் பன்னிரண்டு எண்ணியிருந்தான்.

மறுநாள் மேசையிலிருந்த கொய்யாவில் கடித்த தடம். முன்பல் பாதி உடைந்த தடம். சோடா மூடியைக் கடித்துத் திறக்கப் போய் அவன் உடைத்துக்கொண்ட அதே பல்.

"நீதானே கடிச்ச?"

"எனக்கு எங்கங்க ஒடைஞ்ச பல்லு? பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. திங்கக்கெழமை போகாம இருக்க நாடகம் போடாதீங்க."

போகாமலிருக்கத்தான் நினைத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு மாலை கூரையில் சத்தமே இல்லை.

பைக்குள் இருந்தது.

நறுக். நறுக்.

ஜிப்பை இழுத்தான். கார்டைச் சுற்றிலும் மென்றிருந்தது. திங்கட்கிழமைத் தேதி மட்டும் முழுசாக. அடியில் துண்டு. துண்டின்மேல் பற்கள். அரைவட்டமாக. ஈறில் நிற்பதுபோல் நேராக. ஈரமாக.

பதினொன்று அவனுடையவை.

நடுவில் ஒன்று. அரிசி அளவு. வெள்ளை வெளேரென்று. பால்பல்.

"கலா, இப்பவே போலாம். ஆஸ்பத்திரி வாசல்லயே படுத்துக்கறேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

ஐயாவு குடியிருப்பது ஈப்போவில், பதினான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அவன் தலைக்கு மேலே பதினொரு மாடி; தகரக் கூரையே கிடையாது.