தாளில் இல்லாத கேள்வி

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில், ஜீப் போகும் பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். ஆறாம் வகுப்புப் படிக்கும் கலைவாணி அந்த ஊர்க்காரி.

ஒரு சனிக்கிழமை, டாக்டர் சிவசங்கரி அங்கே வந்தார். மலையில் பல பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருந்தது. நடந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். அது ஏன் என்று அவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

பள்ளிக்கூட வாசலில் பெண்கள் கூடினார்கள். கலைவாணியின் அம்மா சாந்தம்மாள் முதலில் உட்கார்ந்தார்.

டாக்டர் கேள்வித்தாளைப் பார்த்துப் படித்தார். “தினமும் காய்கறி சாப்பிடுறீங்களா?”

“இல்லீங்க.”

‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளும் “இல்லீங்க” என்றார். அடுத்தவரும் அப்படியே.

கலைவாணியால் சும்மா இருக்க முடியவில்லை. “டாக்டரம்மா, தப்பா எழுதுறீங்க.”

“ஏய், பேசாம இரு,” என்று அம்மா அதட்டினார்.

“இருங்க, அவ சொல்லட்டும்,” என்றார் டாக்டர். “என்ன தப்பு?”

“காய்கறின்னா சந்தையில வாங்குறதுன்னு நெனச்சிக்கிறாங்க. நாங்க தினமும் கீரை பறிச்சுக் கடைவோம். அதை நீங்க கேக்கவே இல்லியே.”

டாக்டரின் பேனா நின்றது. “அப்போ ஆறு ஊர்ல தப்பாவே எழுதிட்டு வந்திருக்கேனா?” என்று தலையில் கை வைத்தார். பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

“சரி, தினமும் கீரை சாப்பிட்டா ரத்தம் ஏன் குறையுது?” என்று டாக்டர் கேட்டார்.

கலைவாணி யோசித்தாள். “எங்க வூட்ல அம்மாதான் கடைசியா சாப்பிடும். அப்போ சட்டியில கீரை இருக்காது. வெறும் களிதான். வூட்ல யார் கடைசியா சாப்பிடுறாங்கன்னு கேளுங்க.”

சிரிப்பு நின்றது. சாந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

“எல்லா வூட்லயும் அப்படித்தான்,” என்று மெதுவாகச் சொன்ன செல்லியம்மாள், டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். “போன வருஷம் யாரோ வந்து ரத்தம் எடுத்தாங்க. இன்னா ஆச்சுன்னு யாரும் வந்து சொல்லல. நீங்களாவது சொல்லுவீங்களா?”

“முதல்ல இங்க வந்துதான் சொல்லுவேன். ஆனா, இந்தக் கேள்விகளை நீங்கதான் என்னோட சேர்ந்து மாத்தணும்.”

அன்றும் மறுநாளும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் சொல்லச் சொல்லக் கலைவாணி எழுதினாள். பிறகு சாந்தம்மாளும் செல்லியம்மாளுமே அந்தத் தாள்களோடு மலை ஊர்களுக்குப் போனார்கள். வெளியாட்களிடம் வாய் திறக்காத பெண்கள் அவர்களிடம் மனம்விட்டுப் பேசினார்கள். டாக்டர் அந்தப் பெண்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்.

நான்கு மாதம் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆண்களும் வந்து நிறைந்திருந்தார்கள்.

“கடைசியா சாப்பிடுறவங்களுக்குத்தான் ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கு,” என்றார் டாக்டர். “நாங்க கொண்டுவந்த தாள்ல அந்தக் கேள்வியே இல்ல. நீங்க கேட்டதாலதான் தெரிஞ்சுது.”

சாந்தம்மாளுக்கும் இன்னும் பலருக்கும் சத்து மாத்திரை கிடைத்தது. கலைவாணியின் அப்பா ஆனந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இனிமே எல்லாரும் ஒண்ணா குந்தி சாப்பிடலாம்,” என்றார்.

டாக்டர் ஆய்வுப் புத்தகத்தைக் கலைவாணியிடம் கொடுத்தார். அவள் முதல் பக்கத்தை உரக்கப் படித்தாள்.

“ஆய்வு செய்தவர்கள்: சிவசங்கரி, சாந்தம்மாள், செல்லியம்மாள், கலைவாணி.”

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மறுபடி படி, கலை. செல்லியம்மாளுக்குச் சரியா கேக்கல.”

கலைவாணியை ஒட்டியே உட்கார்ந்திருந்த செல்லியம்மாளும், “ஆமாம்மா, கேக்கவே இல்ல,” என்றார்.

கலைவாணி எழுந்து நின்று, இன்னும் சத்தமாகப் படித்தாள்.