குடிக்காமல் வைத்த காப்பி

ஜுமானா திரும்பியதும் பரிமாறுகிறவன் எதிரே வந்ததும் ஒரே நொடியில் நடந்தது. அவள் கையில் திருப்பிக் கொடுக்க எடுத்து வந்த பருப்பு சூப். அவன் கையில் புதிதாகக் கொண்டுபோகும் பருப்பு சூப். மோதியதில் இரண்டும் கொட்டின. இரண்டுமே ஆறிப்போயிருந்ததால் யாருக்கும் சுடவில்லை.

“பாத்து வரக் கூடாதா?” என்றாள்.

“பாத்துக்கிட்டுதான் வந்தேன். அதனாலதான்…” என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் நிமிர்ந்தாள். அவனுக்கு வெயிலில் பிடித்த ஆலிவ் எண்ணெய் மாதிரி கண்கள்… அந்தக் கடையில் உருப்படியாக இருந்த ஆலிவ் எண்ணெய் அது ஒன்றுதான்.

ரசிக்க இது நேரமில்லை. வெளியே பிப்ரவரி மாதத்துப் பனியும் மழையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே அவள் தங்கை தீமாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒரு பட்டாளமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். இதெல்லாம் வீட்டில் நடக்க வேண்டியது. முந்தின நாள் வீட்டுக் குழாய் உறைந்து வெடித்துக் கூடத்துக் கூரை சோபாவின் மேல் இறங்கிவிட்டது. கடைசி நேரத்தில் சிகாகோவை ஒட்டிய பிரிட்ஜ்வியூ முழுக்க அலைந்து, ஹார்லெம் அவென்யூவில் இந்த ‘ஆலிவ் காற்று’ உணவகத்தின் பின்னறையைப் பிடித்தவள் ஜுமானா. ஆக, என்ன தப்பு நடந்தாலும் அது அவள் தலையில்தான் விடியும்.

தப்புகள் வரிசையில் நின்று வந்தன. கொண்டைக்கடலை ஹம்மஸ் துவையல் சுவர்ப் பூச்சு மாதிரி இருந்தது. ரொட்டி அதற்கேற்ற செங்கல். ஆட்டுக்கறி கேட்டால் கோழி வந்தது, அதுவும் வாழ்க்கையில் எல்லாவற்றையும் பார்த்து முடித்த கோழி. சாதம் மறுபடி வேகப் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொன்றையும் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளி வைக்க, ஒவ்வொன்றும் சமையலறைக்குத் திரும்பியது. அப்பா முனீரின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

கடைசியாகக் காப்பி, மூடி போட்ட காகிதக் கப்பில்.

“பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கு இதுலயா காப்பி குடுப்பீங்க? பெட்ரோல் போட வந்தவங்களா அவங்க?” என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

அவன் ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து பீங்கான் கோப்பைகளை இறக்கினான். கழுவினான். ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்துத் துடைத்தான். ‘ஹாஸிம்’ என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நம்ம அரபுப் பெயர், நம்ம ஊர் முகம். இவனாவது விவரம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டாள். அவள் செய்த தவறு அதுதான்.

வழக்கம் இது. பெண் கேட்க வரும் பெரியவர் முன்னால் காப்பி வைக்கப்படும். அவர் தொடமாட்டார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். பெண்ணின் தகப்பன் ‘குடிங்க’ என்று சொன்னால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. கோப்பை தொடப்படாமலே திரும்பிப் போனால், அந்த வீட்டுப் பக்கம் அவர்கள் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள்.

பெண்கள் கடையின் முன்பக்கம் இருந்தார்கள். மரத்தட்டியின் ஓட்டை வழியாக ஜுமானா பார்த்தாள். தீமா அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மாப்பிள்ளை பக்கம் பேச வந்தவர் அபூ ஸுஹைல். டைல்ஸ் கடை முதலாளி. சத்தமான குரல் இருந்ததால் சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பெண் கேட்புக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டாலும் வருவார். எழுந்தார், கோட்டை நீவினார், சொந்த ஊர்க் கிணற்றிலிருந்து பேச்சைத் தொடங்கினார். அந்தக் கிணற்றை வெட்டியவர், அவருடைய குதிரை, அந்தக் குதிரையின் வம்சம்… கிணற்றிலிருந்து சிகாகோ வந்து சேர்வதற்குள் காப்பியில் ஆவி அடங்கிப் போயிற்று. மாப்பிள்ளை கொட்டாவியை இருமலாக மாற்றினான்.

அப்போதுதான் ஹாஸிம் தட்டோடு உள்ளே நுழைந்தான். கடை முதலாளி ரம்ஸி எங்கோ ஒரு கருத்தரங்குக்குப் போய்க் கற்று வந்த ஒரே பாடம், மேசையில் எதுவும் தேங்கி நிற்கக் கூடாது என்பது. சமைப்பதைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லித்தரவில்லை போலும். ஹாஸிம் அபூ ஸுஹைலின் தோளுக்குப் பின்னால் குனிந்தான். நிரம்பியிருந்த கோப்பையைப் பணிவாக எடுத்தான். போய்விட்டான்.

ஜுமானாவின் முழங்கையில் தீமாவின் நகம் பதிந்தது.

அபூ ஸுஹைல் வெற்று மேசையைப் பார்த்தார். குதிரை பாதி வழியில் நின்றது. “பதில் கெடச்சிடுச்சு” என்றார் மெதுவாக. அந்த மனிதர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கோட்டுகள் தோளேறின. முனீர் என்னென்னவோ சொல்லிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார். தீமா அழவில்லை… அதுதான் பயமாக இருந்தது.

ஜுமானா சமையலறைக்குள் பாய்ந்தாள். அவன் அந்தக் காப்பியைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன பண்ணிட்டீங்க தெரியுமா?” என்று ஆரம்பித்து முழுவதையும் கொட்டினாள். வழக்கம், கோப்பை, தங்கை, எல்லாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பேரும் முகமும் மட்டும் இருந்தாப் போதுமா? நீங்களும் இந்தக் கடை மாதிரிதான். வெளியில போர்டு, உள்ள ஒண்ணும் கெடையாது.”

அவன் கை நின்றது.

“நான் எங்கயோ ஒமாஹாவுல வளர்ந்தவன்ங்க. அந்தத் தெருவுல எங்க வீடு ஒண்ணுதான் அரபு வீடு. யாரு வீட்டுக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா? எனக்கு யாருங்க சொல்லிக் குடுத்திருப்பா?”

அவன் திரும்பி அடுப்பில் காப்பி வைத்தான். பொங்கியதும் ஒரு கோப்பையில் ஊற்றினான். மேல்கோட்டு இல்லாமல், இடுப்பில் கட்டிய துணியோடு, தட்டில் கோப்பையை ஏந்திக் கொட்டும் பனிமழையில் இறங்கினான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். வழுக்கினால் தீர்ந்தது.

அபூ ஸுஹைல் கார்க் கதவைத் திறந்திருந்தார். முனீர் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மோ” என்று பெரியப்பா முறை வைத்துக் கூப்பிட்டான் ஹாஸிம். “எனக்கு வழக்கம் தெரியாது.” அத்தனை ஆண்களும் திரும்பினார்கள். “சாயங்காலத்திலேருந்து நீங்க எல்லாத்தையும் திருப்பி அனுப்பினீங்க. சூப்பு வந்துச்சு. சோறு வந்துச்சு. கோழி ரெண்டு வாட்டி வந்துச்சு. காப்பியையும் தொடலையா, சரி, இதுவும் வாயில வைக்க முடியல போலன்னு எடுத்துட்டேன். தப்பு எங்க கடையோடது. பொண்ணு வீட்டோடது இல்ல.”

மாப்பிள்ளையிடமிருந்து ஒரு சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. அவன் சித்தப்பாவும் சேர்ந்தார். கோழியை நினைத்து இன்னொருவர். அபூ ஸுஹைலின் மீசை அடங்கப் பார்த்து முடியாமல் துடித்தது.

“சரி” என்றார் தொண்டையைச் செருமி. “உள்ள போவோம். ஆனா பேச்சை முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுதான் முறை. அந்தக் கெணறு…”

இரண்டு வீட்டாரும் அன்று முதன்முறையாக ஒன்றுபட்டது அந்தக் கணத்தில்தான். எல்லோர் கண்களும் முனீரிடம் போயின. முனீர் கிணற்றை எட்டவே விடவில்லை.

“குடிங்க, அபூ ஸுஹைல். பொண்ணு உங்க பொண்ணு. குடிங்க.”

காப்பியில் பாதி பனிமழை. மீதியில் அடித்தூள். அவர் வாழ்நாளில் அவ்வளவு மோசமான காப்பி குடித்திருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார். வாசலில் பெண்கள் குலவையிட்டார்கள்.

நனைந்து உள்ளே வந்த ஹாஸிமின் எதிரில் ஜுமானா நின்றாள். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவன் அவளைப் பார்க்காமலே கேட்டான்: “உங்க மேசையைச் சுத்தம் பண்ணலாமா? இல்ல அதுலயும் ஏதாவது வழக்கம் இருக்கா?”

வார்த்தை உள்ளே திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கடையைக் கடந்தாள். ஒவ்வொரு முறையும் காரின் வேகம் குறைந்தது. ஒவ்வொரு முறையும், அவன்தானே குத்திப் பேசினான், அவனே வரட்டும் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். அவன் எப்படி வருவான்? எந்த வீட்டுக்கு? வீட்டில் பேச்சு வந்தபோது அத்தை, அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்றே யாருக்கும் தெரியாதே என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்பா மட்டும், அவன் பனிமழையில் இறங்கி வந்ததைத் தானும் பார்த்ததாகச் சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தார்.

மார்ச் மாதம் நல்ல மழை வந்தது. தீமாதான் செய்தி கொண்டுவந்தாள். அந்த ஒமாஹாக்காரன் சனிக்கிழமை ஊருக்கே திரும்பிப் போகிறானாம்.

ஜுமானா குடையை மறந்து ஓடினாள்.

மதிய நேரம், கடை காலி. அவன் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அவள் கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டான்.

“இங்க சாப்பிடறதா? எனக்கு உயிர்மேல ஆசை இருக்கு.” பிறகு, குரல் இறங்கி, “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உள்ள ஒண்ணும் கெடையாதுன்னேன்ல… அது.”

அவன் சமையலறைக்குள் போனான். வெகுநேரம் வரவில்லை. போய்விடலாமா என்று மேசையை விட்டு எழுந்தபோது இரண்டு பீங்கான் கோப்பைகளோடு வந்தான். ஒன்றை அவள் முன் வைத்தான். மற்றதைத் தன் முன் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணாடியில் மழை வழிந்தது. அவன் கை மடியில் கிடந்தது.

“ஆறிடும்” என்றாள்.

“தெரியும்.”

“நல்லா இல்லாததால குடிக்கலையா?”

“நல்லா இருக்காதுதான். ஆனா அதனால இல்ல.”

அவளுக்குப் புரிந்தது. காது மடல் சூடானது. காப்பியை விட அது சூடு.

“எனக்காகப் பேச இந்த ஊர்ல பெரியவர் யாரும் இல்லைங்க” என்றான். “கெணத்துலேருந்து ஆரம்பிக்கவும் தெரியாது. உங்களைப் பாத்துக்கிட்டே வந்து மோதினேன். அங்கேருந்துதான் எனக்கு ஆரம்பிக்கத் தெரியும்… வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. சனிக்கிழமை பஸ்ஸு இருக்கு.”

அவள் வாய் திறப்பதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். ரம்ஸி தட்டோடு வந்துவிட்டார். தொடாத கோப்பையைக் கண்டார். கருத்தரங்கு ஞானம் விழித்தது. கை நீண்டது.

ஜுமானா சட்டென்று தன் உள்ளங்கையால் அந்தக் கோப்பையை மூடினாள்.

“இதை எடுக்காதீங்க, அம்மோ” என்றாள். கண் மட்டும் ஹாஸிமிடம் இருந்தது. “எங்க அப்பாகிட்ட இன்னொரு தடவை முறையாக் கேக்கணும். அதுக்கு அபூ ஸுஹைலை மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க.”

“ஒமாஹாவுலேருந்து எங்க அப்பா வருவாரு. ரொம்பப் பேசமாட்டாரு.”

“நல்ல குடும்பம்” என்றாள். கையை எடுத்தாள். “குடிங்க, ஹாஸிம்.”

குடித்தான். ஆறி, கசந்து, அடித்தூள் பல்லில் நெருடியது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.