வெளியே வந்த காத்திருப்பு அறை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். வரட்டுமே! அந்தப் புதன்கிழமை வந்த கோபத்துக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அம்மாவுக்குத் தெருத்தெருவாக நடக்கிற வேலை. வீடில்லாமல் பாலத்தடியிலும் கடை வாசலிலும் படுத்திருப்பவர்களைத் தேடிப்போய்ப் பேசுவார். மருந்துக்கும் தங்கும் இடத்துக்கும் வழி செய்வார். பள்ளி விடுமுறை என்றால் நான் அவருடைய அலுவலகத்தில்தான் இருப்பேன். காத்திருப்பு அறையின் ஜன்னலோரம் என் இடம்.

அன்று காலையிலேயே அம்மாவின் முகம் வாடியிருந்தது.

“டைம்கீப்பர் அத்தையோட ஃபைலை இன்னிக்கு மூடிடுவாங்க போலிருக்கு” என்றார்.

டைம்கீப்பர் அத்தை பேருந்து நிறுத்தத்தில் வசிப்பவர். கையில் கடிகாரம் கிடையாது. ஆனாலும் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று ஓட்டுநரிடமே சொல்லி வம்புக்கு இழுப்பார். சில நாள் யாருமே இல்லாத பக்கம் பார்த்துச் சண்டை போடுவார். அவர் காலில் பெரிய புண். அதைப் புதன்கிழமை மட்டும் அலுவலகத்துக்கு வரும் நர்ஸிடம் காட்டச் சம்மதிக்க வைக்கவே அம்மாவுக்கு ஆறு மாதம் ஆனது.

“ரெண்டு புதன்கிழமை வரலைன்னு எழுதியிருக்காங்க. இன்னிக்கும் வரலைன்னா அவ்வளவுதான். மறுபடி திறக்க மாசக்கணக்காகும். அதுக்குள்ள காலே போயிடும்டி.”

“அத்தை என்ன சொல்றாங்க?”

“வந்தேன்னு அடிச்சுச் சொல்றாங்க. யார் நம்புறா?” பெருமூச்சு விட்டபடி அம்மா தெருவுக்குக் கிளம்பினார்.

சரியாகப் பத்து மணிக்கு எழுத்தர் மாமா பதிவேட்டோடு காத்திருப்பு அறைக்கு வந்தார். தெருச் சத்தம் அவருக்கு ஆகாது. கதவைச் சாத்திவிட்டுத்தான் கூப்பிடுவார்.

“பதினேழு! பதினேழு இருக்கீங்களா?”

பதினேழு அத்தையின் ஃபைல் எண். யாரும் எழவில்லை. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே டைம்கீப்பர் அத்தை இரண்டு மூட்டைகளோடு, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தார்!

ஓடினேன்.

“அத்தை, உங்களைத்தான் கூப்பிடுறாங்க! உள்ள வாங்க!”

“கதவு சாத்துற இடத்துக்கு வரமாட்டேன். ஒரு தடவை என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. அது போதும்.” மூட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நான் எப்பவும் பத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துடுறேன். இங்கதான் நிக்கிறேன். எவனும் எட்டிப் பார்க்கலை.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி ஓடி மாமாவிடம் சொன்னேன்.

“கூப்பிடும்போது காத்திருப்பு அறையில இருக்கணும் பாப்பா. அதுதான் விதி.”

“கேட் பத்தடி தூரம்தானே மாமா!”

“பத்தடியோ பத்து மைலோ, விதி விதிதான். பத்தரை வரை பார்ப்பேன். அப்புறம் எழுதிடுவேன்.”

சுவரைப் பார்த்தேன். ‘காத்திருப்பு அறை’ என்ற பலகை ஆணியில் தொங்கியது. நாற்காலியில் ஏறினேன். பலகையைக் கழற்றினேன். கேட்டில் கொண்டுபோய் மாட்டினேன்.

“ஏய், ஏய்! என்ன பண்றே?” மாமா பதிவேட்டோடு பின்னாலேயே வந்தார்.

“இப்போ அத்தை காத்திருப்பு அறையிலதான் இருக்காங்க” என்றேன்.

ஒரு நாற்காலியையும் கிரீச் கிரீச்சென்று இழுத்துவந்து அத்தையை உட்கார வைத்தேன். கையில் கட்டுப் போட்ட ஒரு தாத்தா எழுந்தார். “நானும் வெளிய வர்றேன். உள்ள மருந்து வாடை குடலைப் புரட்டுது.” இன்னும் இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அம்மா திரும்பி வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் பலகையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“பதினேழு வந்தாச்சு. நர்ஸைக் கூப்பிடுங்க” என்றார் மாமாவிடம்.

மாமா திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே மேலாளரின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“என்ன கூத்து இது? பலகையை யார் கழட்டினது?”

“நான்தான் சார்.” பலகைக்கு முன்னால் போய் நின்றேன். “அத்தை மூணு தடவையும் வந்திருக்காங்க. அவங்க ஃபைலை மூட விடமாட்டேன்.”

“வந்ததுக்கு என்ன சாட்சி?”

டைம்கீப்பர் அத்தை தொண்டையைச் செருமினார்.

“முதல் புதன் நீங்க பத்து பதினாறுக்கு வந்தீங்க, ஹெல்மெட் இல்லாம. போன புதன் பத்து இருபத்தஞ்சு. கேட்ல மாட்டிச் சட்டைப் பை கிழிஞ்சுது. இன்னிக்குப் பத்து இருபது. பத்து மணி ஆபீஸுக்கு!”

எழுத்தர் மாமா பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேலாளரின் காது சிவந்துவிட்டது.

“அந்த ரெண்டு ‘வரவில்லை’யையும் அடிச்சிடுங்க” என்றார் மாமாவிடம். “நர்ஸை இங்கேயே வரச் சொல்லுங்க.”

நர்ஸ் அக்கா தட்டோடு வெளியே வந்தார். பழைய துணியைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. “இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா...” என்று நிறுத்திக்கொண்டார். அத்தை வலியில் கத்தினார், நர்ஸைத் திட்டினார், என் கையை நசுக்கினார். ஆனால் எழுந்து போகவில்லை.

எல்லாம் முடிந்ததும் மேலாளர் வானத்தைப் பார்த்தார்.

“வெளியவே பார்க்கலாம், சரி. புதன்கிழமை மழை கொட்டினா என்னம்மா பண்ணுவீங்க?”

டைம்கீப்பர் அத்தை கட்டுப் போட்ட காலை ஊன்றி எழுந்து நின்றார்.

“நனைவேன். ஆனா வருவேன்.”