ரோசியைக் கறந்தவள்

மூணாறிலிருந்து எஸ்டேட் ஜீப்புகள் ஏறிப்போகும் ரோட்டில், கடைவீதி முடிகிற இடத்தில் அந்த மிருகாஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் நிமி அங்கே மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வடகரப்பதியின் வெயிலில் வளர்ந்தவள். மத்தியானத்திலேயே இறங்கி வாசலை மறைத்துவிடும் மூடுபனி அவளுக்கு இன்னும் பழகவில்லை.

அன்று கண் வீங்கிய ஒரு கோழியையும், காலில் கண்ணாடி குத்திய ஒரு நாயையும் பார்த்து அனுப்பிவிட்டுக் கை கழுவித் திரும்பினாள். தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்தபடி ஒருவர் வாசலில் நின்றார். சூசையப்பன். தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்து ஓய்வு பெற்றவர்.

"டாக்டரம்மா, மாடு தீனி எடுக்க மாட்டேங்கு."

"எத்தன நாளாச்சுங்க?"

"வீட்டுக்காரி செத்ததுல இருந்தே சரியில்ல. இப்ப சுத்தமா எடுக்கல."

அவருடைய மனைவி ஞானஜோதி மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். நிமிக்கு அவளை நினைவிருந்தது. தேயிலைக் கொழுந்துக்கூடையைக்கூட இறக்காமல் வந்து, மாட்டுக்கு மருந்து கேட்டு நின்ற பெண்.

நிமி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவரோடு ஜீப்பில் ஏறினாள்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீடு. பின்னால் தகரம் போட்ட தொழுவம். செவலைப் பசு முன்னங்கால்களை அகட்டி வைத்து, முதுகைக் கூனி நின்றது. மகள் டின்சி கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோசி, ஒண்ணுமில்லடி. நில்லு."

நிமி முதுகைப் பிடித்து அழுத்தியதும் ரோசி முனகியது. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. காது வைத்துக் கேட்டாள். இதயத் துடிப்பு எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

மூவரும் தொழுவத்தை விட்டு வெளியே வந்தார்கள்.

"புல்லோட கம்பித் துண்டு ஏதோ உள்ள போயிருக்குதுங்க. அது நெஞ்சு வரைக்கும் குத்தியிருக்குது. இனி காப்பாத்த முடியாதுங்க. நாளுக்கு நாள் வலி கூடும். ஊசி போட்டு அனுப்பிச்சு வச்சிட்டா அதுக்கு நல்லது."

"வேண்டாம்" என்றார் சூசையப்பன்.

"அப்பா, அது படுற பாட்டப் பாக்கல நீங்க?" என்றாள் டின்சி.

"வேண்டாம்னா வேண்டாம்."

அப்போது தொழுவத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

வெறும் வாளியில் பால் விழும் சத்தம்.

நிமி டின்சியைப் பார்த்தாள். டின்சி தரையைப் பார்த்தாள். சத்தம் நிதானமாக, கைப்பழக்கத்தோடு, இடமும் வலமுமாக மாறி மாறிக் கேட்டது. வாளி நிறைய நிறைய அதன் ஒலி கனத்தது.

"உள்ள யாருங்க?"

நிமி படலைத் தள்ளினாள். யாரும் இல்லை. பச்சைத் தேயிலையைக் கையால் கசக்கினால் வரும் வாசனை தொழுவம் முழுக்க நின்றது. ரோசியின் கால்களுக்கு இடையே வாளி. அதில் நுரை பொங்கிய பால். முனகிக்கொண்டிருந்த மாடு கண்களைப் பாதி மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நிமி வாளியைத் தொட்டாள். சூடு.

இப்படி நோவுகண்ட மாட்டின் மடியில் பால் இருக்காது. சற்று முன் அவளே அமுக்கிப் பார்த்திருந்தாள். துணிபோல வற்றித் தொங்கிய மடி.

"அம்மா கறக்காங்க. தினமும் இந்த நேரத்துக்கு" என்றாள் டின்சி, குரலே எழும்பாமல். "நாங்க அந்தப் பாலத் தொடுறதில்ல டாக்டர். ஓடையில ஊத்திருவோம்."

சூசையப்பன் படலுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது கூட, 'ரோசியப் பாத்துக்கோங்க'ன்னுதான் சொன்னா. எங்கிட்ட வேற ஒரு வார்த்தை பேசல. இப்பவும் அவ என்னப் பாக்க வரல டாக்டரம்மா. இதப் பாக்கத்தான் வாரா. நான் உள்ள போனா சத்தம் நின்னுரும். அதான் வெளியவே நின்னு கேக்கேன். இதையும் அனுப்பிட்டா, அவ எதுக்கு வருவா?"

நிமி வலிக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு இறங்கினாள்.

அதன் பிறகு அடிக்கடி போய் வலிக்கு ஊசி போட்டாள். ஊசியின் பலன் குறைந்துகொண்டே வந்தது. ரோசி படுத்துவிட்டது. எழ முடியவில்லை. அதன் முனகல் லயத்தின் மறுகோடி வரை கேட்பதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

ஒரு காலை சூசையப்பனே போன் செய்தார்.

"வாங்க டாக்டரம்மா. அந்த ஊசியக் கொண்டு வாங்க."

நிமி போனபோது அவர் தொழுவத்து வாசலில் குந்தியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி முழுக்க அழுகை. மாடுன்னு நெனச்சேன். மாடு இல்ல. அவ அழுதா. கூட ஒக்காந்து, அத விட்டுட்டுப் போக முடியாம அழுதா. உசுரோட இருந்தப்ப அவ அழுது நான் கேட்டதில்ல." அவர் முகத்தைத் துடைத்தார். "எனக்குத் தொணைக்கு ஆள் வேணும்னு அவள அழ வைக்கவா? முடிச்சிருங்க."

டின்சி சிலுவை போட்டுக்கொண்டாள். நிமி மண்டியிட்டு, புடைத்த நரம்பில் ஊசியை ஏற்றினாள்.

ரோசி ஒரு நீண்ட மூச்சு விட்டது. கழுத்து தளர்ந்தது. தலை மெல்லக் கீழே இறங்கியது.

தரையைத் தொடவில்லை.

ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது.

யாரோ சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டதுபோல, அந்தப் பெரிய தலை ஒன்றுமில்லாத இடத்தில் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தது. தேயிலை வாசனை மூச்சடைத்தது. டின்சி "அம்மா" என்றாள். சூசையப்பன் கையை நீட்டினார். எங்கே நீட்டுவது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்.

மாட்டின் கண் நிலைத்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலை தரைக்கு வந்தது. விழவில்லை. இறக்கி வைக்கப்பட்டது.

அதன்பின் அந்தத் தொழுவத்தில் எந்தச் சத்தமும் இல்லை. சூசையப்பன் தினமும் அந்த நேரத்துக்குப் படலருகே போய் நின்றார். வெறும் பனி மட்டும் வந்து போனது.

ஒருநாள் மத்தியானம், கால் முறிந்த நாய் ஒன்று நிமியைக் கிட்டே விடாமல் ஆஸ்பத்திரியில் கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று அடங்கியது. அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்து வாலை ஆட்டியது. அறைக்குள் பச்சைத் தேயிலை மணத்தது.

நிமி திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. குனிந்தபடியே கட்டுப் போட்டு முடித்தாள். சாயங்காலம் லயத்துக்குப் போய், சொல்லலாமா கூடாதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் சூசையப்பனிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்து உட்காரத் தொடங்கினார்.

வாரங்கள் போயின. வலியில் கத்தும் மிருகம் வரும்போதெல்லாம் அந்த வாசனையும் வந்தது. நேற்று முன்தினம் குட்டி போட முடியாமல் ஒரு ஆடு வந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. நிமி கையை உள்ளே விட்டுக் குட்டியின் காலைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆடு அமைதியானது.

அந்த வாசனை. மருந்தடித்து மருந்தடித்தே மரத்துப்போன சூசையப்பனின் மூக்குக்கு அது எட்டாது.

"வந்துட்டாளா?" என்றார் சூசையப்பன், பெஞ்சிலிருந்து, தாழ்ந்த குரலில்.

நிமி ஆமென்று தலையசைத்தாள்.

"எங்க நிக்கா?"

"தெரியலீங்க."

குட்டி நனைந்து வழுக்கி வெளியே வந்தது. தும்மியது. ஆட்டுக்காரர் இரண்டையும் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கினார். வலியில் இருந்த ஆடு கிளம்பிவிட்டது. வழக்கமாக வாசனையும் அதோடு போய்விடும்.

அன்று போகவில்லை.

நிமி கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். வெளியே காற்று இல்லை. மூடுபனி சுவர்போல நின்றது. சூசையப்பன் வாசலையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் காணாமல் பரட்டையாய்க் கிடந்த அவருடைய நரைமுடி, நெற்றியிலிருந்து பின்னுக்கு, விரல் விரலாய்ப் பிரிந்து, மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"போயிட்டாளா டாக்டரம்மா?" என்று கேட்டார்.