குனிந்த தலைகளின் முன்னே

வாருங்கள், மானமுள்ளோரே! மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றின் உடற்கூறுக் கூடத்தில், பட்டப்பகலில், நன்றியின் பெயரால் நடக்கும் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்.

ஈரத்துணி உரசும் ஓசைதான் மாணவி மியாவ் ஷூயுன் காதில் முதலில் விழுந்தது. வடகிழக்குச் சீனத்தின் பனிவெளிச்சம் சன்னல்களில் வெளிறிக் கிடக்க, வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் முனக, ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, வெண்சாமந்திகள் சூழ ஈரத்துணியால் முகம் மூடிக் கிடந்த ‘மௌன ஆசிரியர்’ முன் வகுப்பே தலை தாழ்த்தியிருந்தது. உடலைக் கொடையளித்தவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். வணங்காமல் கத்தியைத் தொடமாட்டார்கள்.

இரண்டாம் வணக்கத்திலும் அதே உரசல்.

“சார், இவர் அசையறாரு.”

“பேசாம குனி,” என்று கிசுகிசுத்தான் பக்கத்திலிருந்த கௌ பின். “எந்திரிச்சா நம்மகிட்டதான் கேள்வி கேப்பாரு.”

விரிவுரையாளர் தை சலித்துக்கொண்டார். “மருந்துல ஊறின தசை, இழுக்கும்.”

“இவர் உடம்ப இவரா குடுத்தாரா சார்?”

“மறுபடியும் அதே பாட்டா? ஆஸ்பத்திரியில செத்தாரு, தேடி யாரும் வரல. எல்லாம் ஒண்ணுதான்.”

“குடுக்காதவருக்கு எதுக்கு நன்றி?”

“முதல் வெட்டு உன்னோடது. வெட்டலேன்னா நீ டாக்டராகவே முடியாது.”

இதே கேள்வியோடு அவள் முன்பே பலரிடம் அலைந்ததுதான் மிச்சம். வகுப்புத் தலைவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். அலுவலகத்தில், தேநீர் ஆறுகிறது, அப்புறம் வா என்றார்கள்.

“இன்னொரு தடவ வணங்குவோம். இவ மனசு ஆறட்டும்,” என்றார் தை.

அனைவரும் குனிந்தனர். அவள் குனியவில்லை.

துணி அசைந்தது. தலை.

இடப்பக்கம். மெல்ல. வலப்பக்கம்.

மீண்டும் இடம்.

வேண்டாம், வேண்டாம் என்பதுபோல.

அவள் கூவினாள். தலைகள் நிமிர்ந்தன. துணி அடங்கியது. யாரோ சிரித்தார்கள்.

முதல் வெட்டு விழும்வரை வகுப்பு குனிந்தே நிற்கவேண்டும், அது மரபு. தலைகள் மறுபடி தாழ்ந்தன. தை அவள் விரல்களுக்குள் கத்தியைத் திணித்தார். அவள் கைமேல் தம் கையை வைத்து அழுத்தினார். அவரும் குனிந்துகொண்டார்.

கத்தி இறங்கியது.

துணிக்கடியில் அந்தத் தலை ஆடியது. வேகமாக. இன்னும் வேகமாக. வாய் இருக்குமிடத்தில் துணி உள்ளே குழிந்தது.

ஒரு கண்ணும் நிமிரவில்லை.

குனிந்தது போதும். நீங்களாவது நிமிர்ந்து பாருங்கள். அழுத்தும் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.