கோட்டை வாசலில் ஒரு சிலை

மலைநாட்டு லிந்துலையின் மின்னல் அணிக்கு அந்த வாரம் கிடைத்த புத்திமதிகளைக் கூடையில் அள்ளி நிறுத்திருந்தால், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு உடைந்தே போயிருக்கும்.

அணியில் நான்கு பேர். தலைவி லோஜினி. அவளோடு இசபெல், இசபெலின் தம்பி ஜூட்சன், பள்ளத்து லய வீட்டுக் கிஷாந்த். எல்லாரும் ஒரே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் ஆடுவது ‘கொடிக்கோட்டை’ என்ற போன் விளையாட்டு. இரண்டு அணிகள், இரண்டு கோட்டைகள். எதிரிக் கோட்டையின் கொடியைத் தூக்கிக்கொண்டு சொந்தக் கோட்டைக்கு ஓடி வந்துவிட்டால் வெற்றி. வழியில் எதிரி தொட்டுவிட்டால், பேசாமல் திரும்பிப் போய்த் தன் கோட்டைக்குள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எந்தப் புதருக்குள் ஒளியலாம், விரல் வேர்த்தால் பவுடர் பூசலாமா, தோற்ற பிறகு அம்மா திட்டினால் என்ன சொல்வது என்று அங்கே நாள் முழுக்கப் பேச்சு நடக்கும். யார் எதைக் கேட்டாலும் ஆலோசனை சொல்ல யாராவது இருப்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

மின்னல் அணி அரையிறுதிக்கு வந்ததும் எல்லா ஆலோசனையும் ஒரே பக்கம் சாய்ந்தது. கிஷாந்தை எடுத்துவிடுங்கள்.

கிஷாந்த் கையில் இருந்தது அவன் அம்மா ஜீவராணியின் பழைய போன். கொஞ்ச நேரம் ஆடினாலே அது சூடாகும். சூடானால் உறைந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த கிஷாந்த் ஒரு காலைத் தூக்கியபடி நடுக்காட்டில் அப்படியே நிற்பான். எதிரிகள் ஓடிவந்து ஆற அமரத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

கொழும்பு அணியின் தலைவன் திலக்‌ஷன்தான் அவனுக்குச் ‘சிலை’ என்று பெயர் வைத்தவன். அடுத்த நாளே யாரோ மாலை போட்ட சிலைப் படம் ஒன்றைக் குழுவில் போட்டார்கள். அரையிறுதியில் மின்னல் அணி மோத வேண்டியதும் அதே திலக்‌ஷனின் அணியோடுதான்.

குழுவை நடத்துகிற றோலண்ட் அண்ணா நல்லவர்தான். அவரும் எழுதினார். “தங்கச்சி, பாசம் வேற, போட்டி வேற. நல்ல போன் வச்சிருக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். நான் தாறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பேரை மாத்துங்க.”

வெள்ளிக்கிழமை மாலை நால்வரும் மடுவத்துப் படியில் கூடினார்கள். தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். கிஷாந்த் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“நான் வெலகிக்கிறேன் லோஜினி. அவங்க சொல்றது சரிதானே.”

“இந்த வெளையாட்ட எங்களுக்குக் காட்டிக் குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“எந்தச் சந்துல பூந்தா எங்க வரலாம்னு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான். அதுக்காக...”

“அப்ப வாய மூடு.”

லோஜினி அங்கேயே நான்கு பெயர்களையும் குழுவில் பதிந்தாள். முதல் பெயர் கிஷாந்த். கீழே ஒரு வரியும் சேர்த்தாள். “ஆள் வேணும்னு நாங்க யார்கிட்டயும் கேக்கல.”

குழு கொதித்தது. திமிர் என்றார் ஒருவர். மலையில் குளிர் அதிகம், மூளையும் உறைந்துவிட்டது என்றார் இன்னொருவர். பிறகு அழக்கூடாது என்று றோலண்ட் அண்ணா எழுதினார். அழுதாலும் உங்கள் தோளில் சாய்ந்து அழ மாட்டோம் என்று லோஜினி பதில் போட்டாள்.

எழுதும்போது இருந்த துணிச்சல் வீட்டுக்குப் போனதும் பாதியாகிவிட்டது. அவள் பழைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கிஷாந்த் உறைகிறான். எதிரிகள் வருகிறார்கள். அடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். மூன்றாவது ஆட்டம் ஓடும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொடுவதற்கு ஒருவர் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர், சில வேளை மூன்று பேர், பலாப்பழத்தை ஈ மொய்க்கிற மாதிரி அவனிடம் ஓடி வருகிறார்கள்.

அரையிறுதி நடந்த சனிக்கிழமை மலையை மூட்டம் மூடியிருந்தது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். தேயிலைச் செடிகளெல்லாம் மேகத்துக்குள் மூழ்கிய பச்சை ஆடுகள் மாதிரி தெரிந்தன. மடுவத்துப் படியில் உட்கார்ந்து லோஜினி திட்டத்தைச் சொன்னாள்.

“ஒன் வேல நிக்கிறதுதான் கிஷாந்த். ஒறைஞ்சாலும் நில்லு, ஒறையாட்டியும் நில்லு.”

“மத்தவங்க?”

“ஒன்னயச் சுத்திப் புதருக்குள்ள இருப்போம்.”

முதல் ஆட்டத்தில் கிஷாந்த் பாலத்தடியில் போய் நின்றான். திலக்‌ஷனும் இன்னும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். புதர்களிலிருந்து மூன்று பேர் பாய்ந்து அவர்களைத் தொட்டார்கள். கொழும்புக்காரர்கள் தங்கள் கோட்டையில் போய் உட்கார்ந்து எழுவதற்குள் இசபெல் கொடியோடு வந்து சேர்ந்துவிட்டாள்.

இரண்டாவது ஆட்டத்தில் அவர்கள் ஏமாறவில்லை. சிலைப் பக்கமே வராமல் சுற்றிப் போய்க் கொடியை எடுத்தார்கள். கொடிக்காரன் கிஷாந்தின் மூக்குக்கு முன்னாலேயே ஓடினான். எட்டித் தொட்டிருந்தால் போதும். அந்த நேரம் பார்த்துப் போன் உறைந்தது. ஆட்டம் கைவிட்டுப் போனது.

கிஷாந்தின் கண் கலங்கிவிட்டது. தான் முன்பே சொன்னதாக முணுமுணுத்தான். ஜூட்சன் அவனுடைய போனை வாங்கிச் சட்டை நுனியால் விசிறினான். லோஜினியிடம் இருந்தது ஒரே ஒரு திட்டம்தான்.

கிஷாந்த்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். “அவங்க இப்ப என்னயப் பாத்துப் பயப்படுறாங்கதானே?”

“ஆமா.”

“அப்ப நான் அவங்க கோட்ட வாசல்லயே போய் நிக்கிறேன்.”

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி யாரும் செய்ததில்லை. குழுவில் யாரும் அப்படி ஓர் ஆலோசனை சொன்னதும் இல்லை.

“போ” என்றாள் லோஜினி.

கிஷாந்த் தனக்குத் தெரிந்த சந்தெல்லாம் நுழைந்து, எதிரிக் கோட்டையின் வாசலுக்கு நேரே வெட்டவெளியில் போய் நின்றான். அடுத்த நொடி அவன் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. இந்த முறை உண்மையாகவே உறைந்துவிட்டது. அவனைச் சுற்றி ஒரு புதர் இல்லை, ஒரு நண்பன் இல்லை.

கோட்டைக்குள்ளிருந்து திலக்‌ஷன் வெளியே வந்தான். இரண்டு அடி வைத்தான். நின்றான். பின்வாங்கினான். இன்னும் இருவரைக் கூப்பிட்டான். மூன்று பேரும் தூரத்துப் புதர்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். இவ்வளவு துணிச்சலாக ஒருவன் வந்து நிற்கிறான் என்றால், பின்னால் ஏதோ பெரிதாக இருக்கத்தானே வேண்டும்?

அந்த நேரத்தில் கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் மடுவத்துக்கு வந்தார்கள். ஜீவராணி மகனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்னடா பண்ற, அசையாம?”

“நிக்கிறேன்மா.”

“நிக்கிறதுக்கு ஒரு போன் வேணுமா? இங்க வந்து சாக்கப் புடிச்சிக்கிட்டு நில்லு.”

பெண்கள் சிரித்தார்கள். கிஷாந்த் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோட்டையின் பின்சுவர் வழியாக ஜூட்சன் ஏறியதை அவன் பார்க்கவில்லை. கொடி போனதையும், லோஜினியும் இசபெலும் பாலத்தில் காவல் நின்றதையும் பார்க்கவில்லை. திலக்‌ஷனின் ஆட்கள் மட்டும் கடைசிவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசபெல் குதித்தாள். ஜூட்சன் ஒரு வெற்றுக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுற்றி ஓடினான்.

கிஷாந்தின் திரையில் இன்னும் வட்டம்தான் சுற்றியது. “என்ன ஆச்சு? தொட்டுட்டாங்களா?” என்று கேட்டான்.

“ஜெயிச்சிட்டோம்டா” என்றாள் லோஜினி.

குழுவில் முதலில் வந்தது றோலண்ட் அண்ணாவின் செய்தி. இப்படி ஓர் ஆட்டத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தார். புதிய பையனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கொஞ்சம் கழித்துத் திலக்‌ஷன் கேட்டான். “உண்மையச் சொல்லு சிலை. கடைசி ஆட்டத்தில நீ உறைஞ்சிருந்தியா, நடிச்சியா?”

மற்ற மூவரும் கிஷாந்தைப் பார்த்தார்கள். அவன் குல்லாவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

“அடுத்த தடவ வந்து தொட்டுப் பாரு.”

அனுப்பு என்று அழுத்தியதும் போன் உறைந்தது. நால்வரும் படியில் நெருக்கி உட்கார்ந்து, அந்தச் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேரும் வரை ராஜா ராணிகளைப் போலக் காத்திருந்தார்கள்.